பாலைப்பழக் காலம்

வட இலங்கையில் மடுவைச் சுற்றியுள்ள காட்டோர ஊர்களில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, காட்டுக்குள் கதைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதுதான். “மோனை, பாலைக்குக் கீழ போகேக்க சும்மா போகாத, ஏதாவது பாடிக்கொண்டு போ” என்பார் அப்பா. புற்றைக் கிண்டிக் கறையானை உறிஞ்சத் தொடங்கிவிட்டால் கரடிக்கு லேசான காலடிச் சத்தம் காதில் விழாது. மேல்வாயில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாத இடைவெளியால் அது இழுக்கும் மூச்சு, பற்றைக்கு அப்பால் நிற்பவருக்கும் கேட்கும். ஆள் வருவது தெரிந்தால் பெரும்பாலும் தானாக விலகிவிடும். தெரியாமல் கிட்டப் போனால் எழுந்து நின்று முகத்தைத்தான் கிழிக்கும்.

வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும். சின்னஞ்சிறு மஞ்சள் பழம், தேன்போல இனிப்பு. தின்னத் தின்ன உதட்டில் பால் ஒட்டும். அந்த நாட்களில் கரடிகள் புற்றை மறந்து மரமேறிவிடும். கொப்பை முறித்து வளைத்துத் தின்னும். முறிந்து விழுந்த கொப்பில் மிஞ்சியதை நாங்கள் வெயில் ஏறிய பிறகு போய் ஆய்ந்து வருவோம். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு தாய்க்கரடி தடத்தைக் கடந்ததைப் பார்த்திருக்கிறேன். குட்டி தாயின் மயிரைப் பற்றிக்கொண்டு எங்களையே திரும்பிப் பார்த்தது. காட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தப் பார்வைதான்.

2007இன் கடைசியில் உள்நாட்டுப் போர் எங்கள் பக்கம் நெருங்கியது. தெருவால் போக முடியாது. ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இரவில் காட்டுத் தடங்களால் வடக்கே நடந்தோம். கதைக்கக் கூடாது, இருமக் கூடாது, ரோர்ச் அடிக்கக் கூடாது. கைக்குழந்தைகளின் வாயைத் தாய்மார் சேலையால் பொத்திக்கொண்டு வந்தார்கள். மனிதருக்குப் பயந்து நாங்கள் பழகிய அந்த மௌனமே கரடிக்கு முன்னால் ஆபத்தாக வந்து நின்றது. முன்னே போன ஒருவர், புற்றடியில் நின்ற கரடியின் மேல் இருட்டில் மோதாத குறையாகப் போய்விட்டார். ஒரே ஒரு உறுமல். பிறகு அவருடைய அலறல். அந்த அலறலையும் அடக்கச் சொல்லி நாங்கள் கெஞ்ச வேண்டியிருந்தது. சாரத்தைக் கிழித்து முகத்தைச் சுற்றிக் கட்டி, சாக்கில் தடி கோர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். உயிர் தப்பினார். ஒரு கண் போய்விட்டது.

கிளிநொச்சி, விசுவமடு, புதுமாத்தளன் என்று ஓடிய கதையை இங்கே எழுதப்போவதில்லை. எங்கு போனாலும் பங்கர் மூட மரம் தேவைப்பட்டது. 2009இல் எங்களைக் கொண்டுபோய் வைத்த செட்டிகுளம் மனிக் பாமும் காட்டை அழித்துப் போட்ட முகாம்தான். கூடாரங்களுக்கு நடுவே கிடந்த மரக்கட்டைகளைப் பார்த்து, இவையெல்லாம் எந்த மரங்களாக நின்றிருக்கும் என்று அம்மா யோசித்துக்கொண்டிருப்பார்.

ஊர் திரும்பியபோது வயலெல்லாம் காடாகியிருந்தது. சிவப்புக் கண்ணிவெடிப் பலகைகளுக்கு அப்பால் பற்றை அடர்ந்து, கரடியின் நகக்கீறல்கள் வளவுக்குக் கிட்டவே மரங்களில் இருந்தன. எனக்கு அப்போது வந்தது பயமல்ல, ஆறுதல். இத்தனைக்குப் பிறகும் அது இருக்கிறதே! ஆனால் மிதிவெடி அகற்றிய இடங்களுக்குள் மரம் தறிக்கிறவர்கள் புகுந்தார்கள். முதிரை முதலில் போனது, பிறகு பாலை. நிசியில் உழவு இயந்திரங்கள் குற்றி ஏற்றிப் போவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்போம். பாலை வைரம் பாய்ந்த மரம், அதனாலேயே அதற்கு விலை. அதே காரணத்தால் அது வளர ஒரு மனித ஆயுள் போதாது. பதிலுக்கு நட்ட கன்று இன்று திரியும் கரடிக்குப் பழம் கொடுக்காது.

இலங்கைக் கரடி இந்தத் தீவுக்கே உரிய துணையினம். தாழ்நில உலர்காட்டை விட்டு மலைக்கு ஏறாது. ஆயிரம்கூட மிஞ்சியிராது என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. நாட்டின் நிலப்பரப்பில் 17 சதவீதத்துக்கும் குறைந்த இடத்தில்தான் அது வாழ்கிறது என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அந்த இடத்திலும் பாதிக்கு மேல் அப்போது கடுமையாகக் காக்கப்படும் பூங்காக்களுக்கு வெளியே கிடந்தது. மடு றோட் தேசியப் பூங்கா 2015இல் பிரகடனமானபோது எனக்கு உண்மையில் சந்தோஷம்தான். ஆனால் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பாலைக்கும் கரடி வருகிறது. அது தின்று கழித்த எச்சத்தில் பாலை விதை முழுசாகக் கிடக்கும். காட்டை விதைக்கிறதும் அதுதான்.

முகம் கிழிபட்டவர்களின் குடும்பங்களிடம் போய்க் கரடியைக் காப்போம் என்று சொல்வது லேசல்ல. நான் சொல்லியிருக்கிறேன். தேன் எடுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டுக்குப் போகாமல் அடுப்பெரியாத வீடுகள் அவை. அவர்களுக்கு வைத்தியச் செலவும் நட்டஈடும் சுணங்காமல் கிடைக்க வேண்டும். பழக்காலத்தில் அந்தத் தடங்களை விட்டு வேறு வழியில் போவது என்று ஊர் கூடி முடிவெடுக்க வேண்டும். எல்லைக்கு வெளியே நிற்கும் பாலையையும் வீரையையும் மரம் மரமாகக் குறித்து, தறிக்கத் தடை போட வேண்டும். காட்டில் கண் இழந்த அந்த மனிதர்தான் எங்கள் பக்கத்தில் இதை முதலில் கேட்டவர். மரங்கள் எங்கே நிற்கின்றன என்று இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறவரும் அவர்தான், சத்தம் போட்டுக் கதைத்தபடி.