கிளியர் ஸ்கிரீன் எங்கிருந்து வந்தது?

சத்தியமங்கலத்தில் டிப்ளமோ படிக்கும் அக்கா மகனின் சி மொழி ரெக்கார்டில் எல்லா புரோகிராமும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: திரையைத் துடைக்கும் ‘கிளியர் ஸ்கிரீன்’ வரி. “இது எதுக்குங்க மாமா? இல்லீன்னா மார்க் கொறைக்கறாங்க” என்றான். சீனியர்களின் பழைய ரெக்கார்டுகளிலும் அதே வரி.

மூல நூலில் தேடினேன். கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் 1978-இல் எழுதிய சி புத்தகம் 228 பக்கம்தான். அதில் அந்த வரி இல்லை. அமெரிக்காவில் 1989-இல் வரையறுத்த நியமத்திலும் இல்லை.

தடம் போர்லாண்ட் நிறுவனத்துக்குப் போனது. அதன் டர்போ சி 1987-இல் வந்தது. அதற்கும் முன்பே, 1983-இல் 49.95 டாலருக்கு விற்ற டர்போ பாஸ்கலில் இதே கட்டளை இருந்திருக்கிறது. அன்றைய டாஸ் இயங்குதளத்தில் ஒரு புரோகிராம் முடிந்தாலும் அதன் விடை திரையிலேயே நிற்கும். கன்ட்ரோல் எஃப்9 அடித்து அடுத்ததை ஓட்டினால் புது விடை பழையதன் கீழே ஒட்டிக்கொண்டு வரும். அதைத் துடைக்கத்தான் அந்த வரி. அது டாஸ் திரையின் தேவை. சி மொழியின் தேவையல்ல.

64 பிட் விண்டோஸில் டர்போ சி நேரடியாக ஓடாது. அதனால் கல்லூரியில் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் பழைய டாஸை எழுப்பி டர்போ சி-யின் நீலத் திரையைக் கொண்டுவருகிறார்கள். அதில் 200-ஐ 200-ஆல் பெருக்கினால் விடை -25536. முழு எண்ணுக்கு அங்கே 16 பிட்தான் இடம். 32767-க்கு மேல் கொள்ளாது. இன்றைய ஜிசிசி கம்பைலரில் அதே கணக்கு 40000. ரெக்கார்டில் இருந்த சில புரோகிராம்களையும் ஜிசிசியில் போட்டுப் பார்த்தோம். டர்போவுக்கே உரிய வரிகளை எடுத்ததும் மற்ற வரிகள் அப்படியே ஓடின.

சி நிலைத்த காரணம் இங்கே தெரிகிறது. 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸுக்காக ரிச்சி உருவாக்கிய மொழி இது. 1989 நியமத்தில் அதன் ஒதுக்கப்பட்ட சொற்கள் 32 மட்டுமே. விதி காகிதத்தில் இருக்கிறது. எந்த ஒரு கம்பெனியின் கையிலும் இல்லை. நம் ஃபோன்களில் எல்லாம் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் 2000-இல் சி-யில் எழுதப்பட்டது. 2050 வரை பராமரிப்போம் என்கிறார்கள் அதன் ஆசிரியர்கள். 2022-இல் ட்ரூ டிவால்ட் அறிவித்த ‘ஹேர்’ மொழி இந்த நிதானத்தையே கொள்கையாக்கியிருக்கிறது: 1.0 வெளிவந்த பிறகு மொழியில் கை வைப்பதில்லை.

தமிழ்நாட்டின் பழைய பிளஸ் 2 சி++ பாடத்திலும் கிளியர் ஸ்கிரீன் இருந்தது. 2018-இல் வந்த புதிய பிளஸ் 1 புத்தகம் நியமப்படியான எழுத்துமுறைக்கு மாறிவிட்டது. பள்ளிப் பிள்ளைக்குக் கிடைத்தது டிப்ளமோ மாணவனுக்கும் கிடைக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காக இனியும் மார்க் குறைக்கக் கூடாது.