இட்லித் தட்டில் திருகாணிகள்

ஆன் செய்தால் கம்பெனியின் சின்னம் வரும். அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். நாலு சுற்று, ஐந்து சுற்று. பிறகு நீலமாக ஏதோ ஒன்று தோன்றி, கண்ணில் படுவதற்குள் மறையும். திரை இருளும். மறுபடியும் அதே சின்னம். இரவு ஒன்பதரை முதல் பதினொன்று வரை என் லேப்டாப் இப்படிச் செத்துச் செத்துப் பிழைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அதற்குள்தான் இருந்தது. அதன் பழைய வடிவம் ஒன்றை வழிகாட்டிக்கு அனுப்பியிருந்தேன், அதனால் முழுதாகப் போய்விடாது. பேட்டிகளுக்குத்தான் வேறு பிரதி இல்லை. தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் பீடி சுற்றும் பெண்கள் பதினொரு பேர் என்னிடம் பேசியவை. கூலியைப் பற்றிக் கேட்கப் போனேன். அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. யார் வீட்டில் யார் அடிக்கிறார், எந்தப் பிள்ளை எப்படிப் பிறந்தது, பீடிக் கடையில் கணக்கு எழுதுகிறவர் என்ன கேட்டார் என்று எல்லாம் வந்தது. “நீங்க கேக்கியேன்னு சொல்லுதேன் டீச்சர். எங்க வீட்டு ஆளு காதுல விழுந்திரக் கூடாது” என்றார் ஓர் அக்கா. என்னைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லியிருந்தேன்.

மறுநாள் கணவரோடு பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். என்ன ஆகிறது என்று விவரமாகச் சொன்னேன். கடைக்காரத் தம்பி கேட்டுவிட்டு அவரைப் பார்த்து, “மதர்போர்டா இருக்கும் சார். வச்சிட்டுப் போங்க, பாஸ்வேர்டு எழுதிக் குடுத்துருங்க” என்றான். என் லேப்டாப், என் பாஸ்வேர்டு, பதில் சாருக்கு. இது பழகிப்போன விஷயம், அதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. பாஸ்வேர்டு என்ற சொல்தான் உறுத்தியது.

என் மாணவிகள் போனைப் பழுதுக்குக் கொடுக்குமுன் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து படங்களை அழிப்பதைப் பார்த்திருக்கிறேன். வேலைக்காரர் வருமுன் கொடியில் கிடக்கும் உள்பாவாடையை எடுத்து ஒளிப்பது போலத்தான் அதுவும். திறக்காத லேப்டாப்பில் எதை அழிப்பது? பாஸ்வேர்டைக் கொடுக்காவிட்டாலும் பயனில்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் பூட்டாத கோப்புகள் அப்படியே திறந்துகொள்ளும். நான் பூட்டவில்லை. அது என் தப்பு.

கையோடு எடுத்து வந்துவிட்டேன். “கடைக்காரன் உன் பேட்டியை உக்காந்து கேக்கப் போறானா?” என்றார் கணவர். கேட்டிருக்க மாட்டான்தான்.

முதலில் அந்த நீலத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும். போனில் வீடியோ எடுத்து, ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தேன். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று இருந்தது. அடுத்த தடவை வேறொரு சொல், அதற்கடுத்த தடவை இன்னொன்று. இரண்டு மூன்று முறை விழுந்தபின் விண்டோஸ் தானாகவே பழுது நீக்கும் பட்டியலுக்குப் போனது. அங்கே ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட், 9ஐ அழுத்தினால் தானாக மறுதொடக்கம் ஆவது நிற்கும். சேஃப் மோடிலும் விழுந்தது. புதிதாக ஏற்றிய ஏதாவது மென்பொருள்தான் காரணம் என்றால் அதில் பெரும்பாலும் நின்றிருக்கும். அதிலும் விழுகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு காரணம் சொல்கிறது என்றால் ராமைச் சந்தேகப்பட வேண்டும்.

அம்மா தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டுவார். அடியில் சேர்ந்த பஞ்சைக் கொண்டை ஊசியால் எடுத்து, எண்ணெய் விட்டு, பாபின் கேஸின் திருகைக் கால் சுற்று தளர்த்துவார். திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைப்பார். அதை யாரும் ரிப்பேர் என்று சொன்னதில்லை. அம்மா மெஷினைத் துடைக்கிறார், அவ்வளவுதான்.

1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் எனியாக் என்ற கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள் கொண்ட அறை அளவு யந்திரம். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், கே மெக்நல்டி உள்ளிட்ட ஆறு பெண்கள். வரைபடங்களைப் பார்த்தே யந்திரத்தைக் கற்றுக்கொண்டு, எந்த வால்வு பழுது என்றுகூடச் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். அன்றிரவு விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. இதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன், ஆனால் என் லேப்டாப்பின் அடிமூடியை அதுவரை கழற்றியதில்லை.

சார்ஜரைப் பிடுங்கினேன். இரும்புக் குழாயைத் தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கினேன். பத்துத் திருகாணிகள், இட்லித் தட்டில் பத்துக் குழிகள். மூடி “டக்”கென்று விட்டபோது உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால் ராம் இரண்டு துண்டுகள். பக்கத்துக் கவ்விகளை விலக்கியதும் சாய்ந்து எழுந்தன. அவற்றின் பொன்னிற விளிம்பை மகளின் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் போட்டேன். விழுந்தது. ஒன்றை மட்டும் போட்டேன். விழுந்தது. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் மற்றதைப் போட்டேன். புள்ளிகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. பிறகு என் பெயர் வந்தது.

அத்தோடு விடவில்லை. நல்லதை இரண்டாவது இடத்தில் வைத்துப் பார்த்தேன், ஓடியது. கெட்டது எங்கே வைத்தாலும் விழுந்தது. அப்படியானால் மதர்போர்டு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேகத்துக்காகக் கூடுதலாக வாங்கிப் போட்ட துண்டுதான் கெட்டிருந்தது. முதல் வேலையாகப் பதினொரு பேட்டிகளையும் வெளி டிஸ்கில் நகலெடுத்து இரண்டு இடத்திலும் பூட்டினேன். கணவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “பரவாயில்லையே” என்றார். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. காபியைக் குடித்தேன்.

அடுத்த வாரம் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனாலும் கடைக்குக் கொண்டுபோனது, கொடுக்காமல் திரும்பியது எல்லாவற்றையும் சொன்னேன். மடியில் தட்டு, விரல்கள் நிற்கவில்லை. ஓர் இலையைச் சுருட்டி முனை மடக்கிவிட்டுக் கேட்டார்: “அது இன்னும் அதுக்குள்ளயா கெடக்கு?”

“ஆமாக்கா.”

“நான் பேசுனது அன்னைக்கே போயிருக்கும்னுல்லா நெனச்சேன். அழிச்சிருங்க டீச்சர்.”

அதில் பாதியைத்தான் எழுதி முடித்திருந்தேன். வீட்டுக்கு வந்து முதலில் டிஸ்கில் அழித்தேன், பிறகு லேப்டாப்பில், பிறகு குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். நாற்பத்தொரு நிமிடப் பேச்சு. மூன்றாம் இயலில் அவர் வரும் பக்கம் பாதியில் நிற்கிறது.