சாத்துக்குடித் தோல்

அக்கா கல்யாணத்துக்காக 1988-ல் அப்பா விற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தேடிப் பிடித்து வாங்கினேன். ஆர்.சி. புத்தகம் அதே வண்டி என்றது, மனசு ஒப்பவில்லை. மஞ்சளாயிருந்ததற்கு வெள்ளை அடிக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பானெட் முழுக்கச் சாத்துக்குடித் தோல்! "போகப் போகச் சரியாகும் சார்" என்றார் பட்டறைக்காரர். பணம் முன்னமேயே போயிருந்தது.

தெரிந்த பெயிண்டர் ஒருவர் வழி சொன்னார். 2000-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, மேடுகளை மட்டும் தேய்க்க வேண்டும். பளபளப்பு மங்கும், பயப்படக் கூடாது. பிறகு காம்பவுண்டு, கடைசியில் பாலிஷ்.

"ஓரத்தில் மட்டும் கை வைக்காதீங்க. அங்கே பெயிண்டு மெலிசாத்தான் நிக்கும்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். பானெட்டில் எங்கள் வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. கர்வம் தலைக்கேறி, டிரைவர் கதவின் மேல் விளிம்பிலும் கை வைத்தேன். நாலே தேய்ப்பு. வெள்ளை போய் மஞ்சள் வந்தது. பதறித் துடைத்தால், அதற்கும் அடியில் காலணா அகலத்துக்கு நீலம்.

எங்கள் நீலம். அப்பா முழங்கையை ஊன்றிக்கொண்டு ஓட்டுகிற இடம்.

பட்டறைக்காரர் பழைய வர்ணத்தைச் சுரண்டவே இல்லை. அவர் சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பெயிண்டர் குனிந்து பார்த்து, "டச்-அப் பண்ணிடலாமா சார்?" என்றார்.

"அக்கா வந்து பார்க்கட்டும்" என்றேன்.