வானிலை படித்தால் வேலை கிடைக்குமா?

கொஞ்சம் நீளமான பதிவு இது. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன பொங்கலுக்குத் தம்பி மகன் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தான். அவன் மகள் பத்தாம் வகுப்பு. மாட்டுப் பொங்கல் அன்று மதியம் சாப்பாடு முடிந்து எல்லோரும் திண்ணையில் சாய்ந்திருந்தோம். அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டது: "தாத்தா, வானிலை படிச்சா வேலை கிடைக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பன் முந்திக்கொண்டான். "மெட்ராஸ்ல நுங்கம்பாக்கத்துல ஒரே ஒரு ஆபீஸ் இருக்கு. அங்க நாலு பேரு மைக் முன்னாடி உக்காந்து மழை வரும், வராதுன்னு சொல்றாங்க. அதுக்குன்னு ஒரு படிப்பா? பெரியப்பா, நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிள்ளை முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படிச் சுருங்கிய முகம் ஒன்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

"விசாரிச்சுச் சொல்றேன்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? மூன்று மாதமாக மகன் கொடுத்த பழைய லேப்டாப்பில் இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். அரசாங்க வானிலைத் துறை நமக்குத் தெரியும். 1875-ல் ஆரம்பித்தது, தேர்வு எழுதிப் போகலாம். வானிலையைத் தொழிலாக நடத்தும் தனியார் நிறுவனங்கள் இருப்பது எனக்கே புதுச் செய்தி. அங்கே வேலை பார்ப்பவர்கள் யார், என்ன படித்தார்கள், எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தார்கள் என்றுதான் தேடினேன்.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஜப்பான்காரர் ஒருவரின் கதை. பெயர் ஹிரோயோஷி இஷிபாஷி. வானிலை படித்தவர் இல்லை. ஒரு வணிக நிறுவனத்தில் சரக்குக் கப்பல்களை ஏற்பாடு செய்யும் வேலையில் இருந்தார். 1970 ஜனவரி மாதம், மரம் ஏற்றி வந்த கப்பல் ஒன்று ஒசாகா துறைமுகத்துக்குப் போக வேண்டியது. அங்கே இடமில்லை. அதனால் ஃபுகுஷிமா பக்கம் ஒனஹாமா துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த ஏற்பாடு இஷிபாஷியின் கையில் இருந்தது. மாதக் கடைசியில் அங்கே திடீரென்று பலத்த புயல் அடித்து, கப்பல் மூழ்கியது. மாலுமிகள் 15 பேர் இறந்துபோனார்கள். அவர் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் செய்ததில் தப்பு எதுவும் இல்லை. ஒரு துறைமுகம் நிறைந்திருந்தால் அடுத்ததற்கு அனுப்புவது தினசரி வேலை. ஆனால் காற்று எப்போது, எங்கே மாறும் என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்த 15 பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்த எண்ணம் அவரை விடவில்லை. கப்பல்களுக்குக் கடல் வானிலை பார்த்து வழி சொல்லும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஜப்பான் கிளையில் போய்ச் சேர்ந்தார். பிறகு 1986-ல் வெதர்நியூஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகத்தின் பெரிய தனியார் வானிலை நிறுவனங்களில் அதுவும் ஒன்று. கப்பல் கேப்டன்களுக்கு, இந்த வழியில் அலை உயரம், அந்த வழியாகப் போனால் ஒரு நாள் கூடும் ஆனால் ஆபத்தில்லை என்று இரவு பகலாகச் சொல்லிக்கொண்டே இருப்பது அவர்கள் வேலை. இஷிபாஷி 2010-ல் காலமானார்.

இதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்தேன். அன்றைக்கு வேறு எதையும் படிக்கவில்லை.

ஜப்பானில் இன்னொரு விஷயமும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1993-ல் அங்கே சட்டத்தைத் திருத்தி, தனியார் நிறுவனங்களும் பொதுமக்களுக்கு வானிலை சொல்லலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் அந்த நிறுவனத்தில் முன்னறிவிப்புச் செய்பவர் அரசு அங்கீகரித்த ஒரு தேர்வில் தேறியிருக்க வேண்டும். 1994-ல் முதல் தேர்வு நடந்தது. அதை எழுத என்ன தகுதி வேண்டும் என்று தேடினேன். ஒன்றுமே வேண்டாமாம்! பட்டம் கேட்பதில்லை, வயதும் கேட்பதில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதற்காக எளிது என்று நினைத்துவிடாதீர்கள். பொதுத்தாள் ஒரு மணி நேரம், சிறப்புத்தாள் ஒரு மணி நேரம், அப்புறம் வரைபடங்களைக் கையில் கொடுத்து நீயே கணித்து எழுது என்று இரண்டு செய்முறைத் தாள்கள், ஒவ்வொன்றும் 75 நிமிடம். நூறு பேர் எழுதினால் ஐந்து பேர் அளவில்தான் தேறுகிறார்கள். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்கள் எழுதுகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள், சிலர் தேறியும் இருக்கிறார்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு முப்பத்தைந்து வருடம் ஓட்டியவன் நான். 'டிகிரி இல்லையா?' என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் இந்தத் தேர்வை நடத்துபவர்கள் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை.

அமெரிக்காவின் கதை வேறு மாதிரி. ஜோயல் மையர்ஸ் என்பவர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வானிலை படித்துக்கொண்டிருந்த மாணவர். 1962-ல், படிக்கும்போதே, அங்குள்ள எரிவாயு நிறுவனம் ஒன்றுக்குக் குளிர்கால வானிலை சொல்லத் தொடங்கினார். குளிர் கூடினால் வீடுகளில் எரிவாயு அதிகம் செலவாகும். நாளைக்கு எவ்வளவு தேவைப்படும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அந்த ஒரே வாடிக்கையாளரோடு ஆரம்பித்ததுதான் இன்று நம் போனில் பலர் பார்க்கிற அக்யூவெதர். அதே பல்கலைக்கழகத்தில் படித்த எலியட் ஏப்ரம்ஸ் என்பவர் 1967-ல் சேர்ந்து, 2019-ல் ஓய்வு பெறும்வரை ஐம்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். வானொலியில் அவர் குரலைக் கேட்டுக் குடை எடுத்துக்கொண்டு கிளம்பிய தலைமுறைகள் அங்கே உண்டு.

அந்த நிறுவனத்தைப் பற்றி முழுக்க நல்லதாகவே எழுத எனக்கு மனம் வரவில்லை. அரசாங்க வானிலைத் துறை, தனியார் கொடுக்கிற சேவையைத் தானும் கொடுத்துப் போட்டி போடக் கூடாது என்று 2005-ல் அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா வந்தது. இந்த நிறுவனம் அதை ஆதரித்தது. மசோதா நிறைவேறவில்லை. நல்லவேளை. காசு உள்ளவனுக்குத்தான் மழைச் செய்தி என்றால் நம்ம கடற்கரைக் குப்பங்களில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அடிப்படைச் செயற்கைக்கோள் படங்களும் தகவல்களும் பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில் வருபவைதானே.

இனி நம் நாடு. 2003-ல் தொடங்கிய ஸ்கைமெட், இந்தியாவின் முதல் தனியார் வானிலை நிறுவனம். ஆரம்பித்த ஜதின் சிங் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர். அவரும் வானிலைக்காரர் இல்லை! ஆனால் கணிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட ஜி.பி. சர்மா, இந்திய விமானப்படையில் ஏர் வைஸ் மார்ஷலாக இருந்து ஓய்வு பெற்றவர். விமானப்படையில் வானிலைக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெண்களும் அதில் அதிகாரியாகச் சேரலாம். ஓடுதளத்தில் மூடுபனி எப்போது விலகும் என்று சொல்வதில் ஒரு விமானியின் உயிரே இருக்கிறது. அப்படிச் சொல்லிப் பழகியவர்களுக்கு வெளியே மதிப்பு இல்லாமல் போகுமா?

தம்பி மகனுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். மைக் முன்னால் உட்காருபவர் ஒருவர் என்றால், மைக்கே பார்க்காமல் வேலை செய்பவர்கள் பத்து மடங்கு. முப்பந்தல் வழியாக நாகர்கோவிலுக்குப் போகும்போது காற்றாலைகளை வேடிக்கை பார்த்திருப்பாய். மறுநாள் எவ்வளவு மின்சாரம் கொடுப்போம் என்று காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் 15 நிமிடத்துக்கு ஒரு கணக்காக, நாளுக்கு 96 கணக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கணக்கு ரொம்பத் தப்பினால் பணம் கட்ட வேண்டும். அந்த 96 எண்களைப் போடுவதற்கு வானிலை தெரிந்தவர் வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று கணக்கு வேண்டும். அதற்காகத்தான் ஸ்கைமெட் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் தானியங்கிக் கருவிகளை வைத்தது. நம் டெல்டா விவசாயிக்கு இது புரியாதா என்ன?

படிப்பு? பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் கட்டாயம். பி.எஸ்சி. முடித்துவிட்டுக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ, விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலோ மேற்படிப்பு படிக்கலாம். இரண்டும் வண்டி ஏறிப் போகிற தூரம்தான். ராத்திரி ஷிப்ட் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி, அந்த இன்னொரு முகத்துக்கு வருகிறேன்.

1988. நான் அப்போது வேதாரண்யம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் சொல்ல மாட்டேன். இதை அவனே படிப்பான். மறுநாள் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று எல்லா நோட்டுகளையும் திருத்திக்கொண்டிருந்தேன். இவன் தமிழ்க் கட்டுரை நோட்டின் பின்பக்கம் முழுக்க எண்கள். தேதி, பக்கத்தில் ஒரு எண். பக்கம் பக்கமாக. என்னடா இது என்றேன். ஹார்லிக்ஸ் பாட்டிலை வீட்டுக் கூரைக்கு எட்டாமல் வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் ஸ்கேல் வைத்து மழையை அளந்து எழுதுவதாகச் சொன்னான். ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஒரு நாள்கூட விடவில்லை.

நான் அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். "அதிகாரி பார்த்தா என்னைத்தான் கேப்பாரு" என்று சொல்லிக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவன் மறந்திருப்பானோ என்னவோ. ஒன்றும் பேசாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு வாய் குறுகல், வயிறு அகலம். அதில் அளந்தால் மழை குறைவாகத்தான் காட்டும். மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கிற டப்பாதான் வேண்டும். நான் ஆசிரியன். அதையாவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அவன் எட்டாவதோடு நின்றான். படகு இன்ஜின் மெக்கானிக் ஆனான். 2018 நவம்பர் 15, சாயங்காலம், கஜா வருகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ புயல் பார்த்தாச்சு என்று நான் ஓட்டு வீட்டிலேயே இருந்தேன். பைக்கில் வந்து இறங்கினான். "சார், அக்காவை அழைச்சுக்கிட்டுக் கிளம்புங்க. மெட்ராஸ்காரங்க சொல்ற பாதை, போன்ல வர்ற பாதை எல்லாம் நம்ம தலைமேலதான் போவுது. பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம்." கெஞ்சவெல்லாம் இல்லை. பையை அவனே எடுத்து வண்டியில் வைத்துவிட்டான்.

நள்ளிரவுக்கு மேல் அடித்த காற்றைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடித்துக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றது. அப்பாடா என்று எழுந்து, வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "கண்ணு கடக்குது சார். இப்ப எதிர்ப்பக்கத்துலேருந்து வரும்." வந்தது. புயலின் கண் என்று முப்பது வருடம் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியவன் நான். அந்த நேரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

விடிந்து போய்ப் பார்த்தால், நாங்கள் படுக்கும் அறையின் ஓடும் சட்டமும் கட்டில்மேல் கிடந்தன.

அவனிடம் அந்த நோட்டைப் பற்றி நான் இன்றுவரை பேசியதில்லை. அவனும் பேசியதில்லை. இதோ, எல்லோர் முன்னாலும் எழுதிவிட்டேன். தப்புதான்டா தம்பி.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்துவிட்டது. தம்பி மகன் இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. கணக்குப் பிரிவில் சேர்ப்பது வரைக்கும் சரி என்கிறான், மற்றதை அப்புறம் பார்க்கலாமாம். பேத்திக்கு நேர்ச்சுவர் உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு ஸ்கேலும் ஒரு நீள நோட்டும் வாங்கி அனுப்பியிருக்கிறேன். வானிலைத் துறையில் அளக்கிற மாதிரி தினமும் காலை எட்டரை மணிக்கு அளக்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை நாலு நாள் எழுதியிருக்கிறாள். நாலும் பூஜ்யம். சித்திரை வெயில்தானே.

என் பழைய மாணவர்களில் யாராவது, அல்லது உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது, இந்தத் துறையில் இருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள். சம்பளம், விடுதி, பெண்பிள்ளைக்கு ராத்திரி வேலை எப்படி என்றெல்லாம் அவள் அப்பா கேட்கிற கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.