குழலுள் நீர்

நீர் 0 பாகை செல்சியசில் உறையும்; 100 பாகையில் கொதிக்கும். நம் பள்ளிகளில் அறிவியல் பயிலும் மாணவர் எவரைக் கேட்டாலும் இவ்விரண்டையும் தடையின்றி ஒப்புவிப்பர். குளம் உறைந்து கண்டறியாத நாட்டில் வாழும் நமக்குக் குளிர்பதனப் பெட்டியின் பனிக்கட்டியே சான்று. இரண்டாவது வாக்கியத்துக்கு ஒரு திருத்தம் உண்டென்பதை ஆசிரியர் பலரும் சொல்லிவிடுகின்றனர். மலையுச்சியில் காற்றழுத்தம் குறைதலால் நீர் 100 பாகைக்கு முன்னரே கொதித்துவிடும் என்பர். முதல் வாக்கியமோ கல்லில் பொறித்த எழுத்தாகவே நிற்கிறது. அதற்கும் திருத்தம் உண்டு. நீர் எத்துணை அகலமான இடத்தில் தங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

கண்ணாடி நுண்குழாயை வண்ண நீரில் நிறுத்திக் காட்டுவது வகுப்பறைக்குப் பழைய சோதனை. துளையின் விட்டம் 1 மில்லிமீட்டராயின் நீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயரும். அதில் பத்தில் ஒரு பங்காயின் 30 சென்டிமீட்டர் வரை ஏறும். கண்ணாடிச் சுவர் நீரைப் பற்றியிழுக்கிறது. துளை குறுகக் குறுகச் சுவரின் செல்வாக்கு ஓங்குகிறது. இதுவரை பாடநூல் நம்மோடு வரும்.

இனித் துளையை மேலும் குறுக்குவோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். சிலிக்காவில் அமைந்த 100 நானோமீட்டர் துளையில் நீரின் உறைநிலை ஒரு பாகையளவே தாழ்கிறது. துளை 4 நானோமீட்டராகும்போது, பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகையையும் கடந்த பின்னரே நீர் உறைகிறது. ஏறத்தாழ 2 நானோமீட்டருக்குக் குறைந்தாலோ வழக்கமான பனிக்கட்டிப் படிகம் உருவாவதே இல்லை. காரணம் கடினமானதன்று. திடலில் ஒழுங்காக அணிவகுக்கும் மாணவர்களை ஒடுங்கிய நடைவழியில் நிற்கச் சொன்னால் என்னாகும்? சுவரோரத்தார் சுவரில் சாய்வர். எஞ்சிய சிலரால் வரிசை அமையாது. சுவரை ஒட்டிய நீர் மூலக்கூறுகளும் படிக வரிசைக்குள் வருவதில்லை. நடுவில் தோன்றும் சிறு படிகத்துக்கோ உள்ளீட்டை விட மேற்பரப்பே மிகுதி. ஆகவே எளிதில் கரைந்துவிடும்.

இஃது ஆய்வுக்கூடத்து விந்தை மட்டுமன்று. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் சாலைகள் மேலெழும்பி வெடிப்பது ஏன் என்றால், நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது என்று உடனே விடை வரும். அமெரிக்க நிலவியலார் ஸ்டீபன் டேபர் அவ்விடையோடு நின்றுவிடவில்லை. 1930ஆம் ஆண்டில் வெளியான தம் ஆய்வில், நீருக்குப் பதிலாகப் பென்சீனை மண்ணில் உறையச் செய்தார். பென்சீன் உறையும்போது சுருங்குவது. அப்படியிருந்தும் மண் மேலெழுந்தது! மண்ணின் நுண்துளைகளில் உறையாது எஞ்சிய நீர்மம், உறைந்த பகுதியை நோக்கி ஊர்ந்து சென்று அங்கே படலம் படலமாகத் திரண்டு மண்ணைத் தூக்குகிறது.

சரி, துளை சிறுத்தால் உறைநிலை தாழும் என்று புதிய விதி எழுதிக்கொள்ளலாமா? அதற்கும் இடமில்லை. கரிம அணுக்கள் ஒரே அடுக்காகச் சுருண்டமைந்த நானோகுழாயின் சுவர் நீரை விரும்பாதது. ஆயினும் நீர் அதனுள் புகுகிறது. 2001ஆம் ஆண்டில் கோகா, தனக்கா முதலியோர் கணிப்பொறிக் கணக்கீட்டால், உயரழுத்தத்தில் அக்குழாய்களினுள் நீர் ஐங்கோண, அறுகோண வளையங்களாக அடுக்கப்பட்டு உறையும் என்று காட்டினர். 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் ஸ்ட்ரானோ குழுவினர் சோதனையில் கண்டதோ வியப்பின் எல்லை. 1.05 நானோமீட்டர் குழாயில் உறைதல் மாற்றம் 105 பாகைக்கும் 151 பாகைக்கும் இடையே நிகழ்ந்தது. கொதிக்க வேண்டிய வெப்பத்தில் நீர் இறுகி நின்றது. குழாய் 1.06 நானோமீட்டராயின் அவ்வெல்லை 87 முதல் 117 பாகை, 1.52 ஆயின் 3 முதல் 30 பாகை. நானோமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வேறுபாடு இத்துணை மாற்றம் செய்கிறது.

இதனைக் கண்ட வழி தமிழர் அறிய வேண்டியது. நானோகுழாய் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கி அதிரும். உள்ளே நீர் நிறைந்தாலும், அந்நீர் நிலைமாறினாலும் அவ்வதிர்வு மாறும். அம்மாற்றத்தைக் காட்டிக்கொடுத்தது, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டில் கண்ட ஒளிச்சிதறல் விளைவு. குழாயினுள் இருந்ததைப் பனிக்கட்டி என்றே அழைக்க ஸ்ட்ரானோ தயங்கினார். அதன் படிக அமைப்பு மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே பனிக்கட்டி போன்ற நிலை என்ற அளவில் நின்றார். இவ்வடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. சேர்ந்த நிலத்தின் இயல்பால் நீர் திரிவதைச் சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில் வள்ளுவர் உவமையாக்கியிருப்பதால், நானோ அறிவியலையும் அவர் அறிந்திருந்தார் என மேடையில் முழங்குவோர் நம்மிடையே உளர். உவமை உவமையாகவே இருக்கட்டும். அதன் அழகுக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் வேண்டியதில்லை.

அவ்வாறாயின் வகுப்பில் என்ன சொல்வது? தேர்வுக்கு உரிய விடையை ஏன் குழப்ப வேண்டும் என ஆசிரிய நண்பர்கள் கேட்பது நியாயமே. வாக்கியத்தை அழிக்க வேண்டியதில்லை. ‘பாத்திரத்திலுள்ள தூய நீர்’ என்று முன்னே இரண்டு சொற்கள் சேர்த்தால் போதும். பாத்திரம் மிகமிகச் சிறியதாயின் என்னாகும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்கக்கூடும். கண்ணாடிக் குழாயையும் வண்ண நீரையும் அப்போது மேசைமேல் எடுத்து வைக்கலாம்.