தும்பையின் முகம்

நீலமலையின் அடிவாரத்தில், பவானியாற்றின் கரையில் அமைந்தது எங்கள் மேட்டுப்பாளையம். மழைக்குப்பின் அங்குள்ள வரப்புகளில் தும்பை வெண்மையாய்ப் பூத்திருக்கும். போரில் வீரர் சூடிய பூ இது. தொல்காப்பியம் ஒரு திணைக்கே இதன் பெயரை வழங்குகின்றது. அத்திணையைப் பல்லாண்டு கற்பித்த யான், ஓய்வுபெற்றபின், சிறியதைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்ரோ வில்லை பொருத்திய ஒளிப்படக் கருவியுடன் அப்பூவின்முன் அமர்ந்தேன்.

பூவை நெருங்க நெருங்கத் தெளிவாய்த் தோன்றும் பகுதி குறுகும். இம்மியளவு அசைந்தாலும் உருவம் மங்கும். ஆதலின் மூச்சையடக்கிக் காற்று ஓயும்வரை காத்திருத்தல் வேண்டும். அங்ஙனம் எடுத்த படத்தில், தும்பையின் மேலிதழில் பஞ்சுபோன்ற மென்மயிர் அடர்ந்திருந்தது. கீழிதழோ தேனீ வந்தமர இட்ட தவிசென விரிந்திருந்தது. அருகிலிருந்த மூக்குத்திப் பூவையும் படமெடுத்தேன். ஒரு பூவெனத் தோன்றிய அது, நுண்பூக்கள் பல கூடிய கொத்தாக விளங்கிற்று!

மாணவர்களே! வரப்புகள் வீட்டுமனைகளாக மாறிவருகின்றன. செடி அழிந்தால், தும்பை என்னும் சொல் ஏட்டில் மட்டுமே எஞ்சும். பொருளறியாது அதனை நீங்கள் மனப்பாடம் செய்ய நேரும். கருவி இல்லையே என வருந்த வேண்டா. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் சிறிது பொறுமையும் போதும். களையென்று மிதித்துச் செல்லாது, பறியாது, குனிந்து நோக்குங்கள்.