செய்தித்தாளும் பன்பாயும்

வடிவமைப்புக் கலை பயிலக் கடல் கடந்து செல்லும் மாணவர் பலர், முதற் சில வாரங்களுக்குள்ளேயே தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவதுண்டு. ஒலுவிலிலிருந்து அவ்வாறு சென்ற மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்து பார்க்கலாம். உயர்தரப் பரீட்சையிலே சித்திரத்திற்கு ஏ சித்தி பெற்றவள். தூரிகைகளைச் சீலையிற் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு சென்றவள். கல்லூரியிலோ தூரிகைக்கு வேலையில்லை. ஒரு நாள் கம்பி, மறுநாள் களிமண், அதற்கடுத்த நாள் வெறுங் கடதாசி. வயற்காணியை ஈடுவைத்து அனுப்பிய தந்தை இரவிலே தொலைபேசியில், “இண்டைக்கு என்ன மகள் கீறின?” என்று கேட்கிறார். கீறியது ஒன்றுமில்லை என்பதை எவ்வாறு சொல்வது?

இவ்வழக்கத்தின் முக்கிய ஊற்றுக்களுள் ஒன்று, ஜேர்மனியில் 1919இல் தொடங்கப்பெற்ற பௌஹவுஸ் கலைக்கூடம். அங்கு சேர்ந்தோர் பட்டறைகளுள் நுழையுமுன் ஆறு மாத முன்னிலைப் பயிற்சி பெறவேண்டியிருந்தது. அதனை முதலில் வகுத்தவர் ஜொஹானஸ் இட்டன். அவர்க்குப் பின் கற்பித்தோருள் ஜோசப் அல்பர்ஸ் குறிப்பிடத்தக்கவர். டெஸ்ஸோ நகரில் அல்பர்ஸின் முதல் வகுப்பு நடந்த விதத்தை ஹனஸ் பெக்மன் என்னும் மாணவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஆசிரியர் ஒரு கட்டுச் செய்தித்தாள்களுடன் வந்தார். அவற்றை மாணவரிடையே பகிர்ந்தார். இவற்றைக்கொண்டு ஏதேனும் செய்க, இயன்றவரை கத்தியோ கத்தரிக்கோலோ பசையோ வேண்டாம் என்று கூறிப் போய்விட்டார். சில மணி நேரத்தின் பின் அவர் திரும்பியபோது கோட்டைகள், விமானங்கள், விலங்குகள் எனப் பலவும் அவர்முன் வைக்கப்பட்டன. அவை யாவும் பாலர் வகுப்பு வேலை என்றார் அவர். வேறு பொருள்களில் அவற்றை இன்னும் செவ்வையாகச் செய்திருக்கலாம் என்பது அவரது கருத்து. அவர் எடுத்துக் காட்டியது ஹங்கேரியிலிருந்து வந்த இளைஞர் ஒருவரின் தாளையே. அவ்விளைஞர் செய்ததெல்லாம் அதனை நீளவாக்கில் மடித்து, மடிப்புத் தட்டிபோல நிற்கவைத்ததுதான். மேசையிற் கிடக்கும் தாளிற் கண்ணுக்குத் தெரியும் பக்கம் ஒன்று. நிற்கும் தாளில் இரண்டு. மடிப்பே அதற்கு உறுதியைத் தந்தது.

கோட்டை கட்டியவர்களின் முகம் அன்று எப்படியிருந்திருக்கும்! பரீட்சைக்கென விடைகளைப் பழகிய மாணவிக்கு இது இன்னுங் கடினம். தன் வேலையை எல்லோர் முன்னிலையிலும் ஆராயும்போது அவள் மரியாதை கருதி மௌனமாக நிற்கிறாள். அம்மௌனம், சொல்ல எதுவும் இல்லாமையாகவே அங்கு கொள்ளப்படுகிறது.

ஆயினும் அவள் வெறுங்கையுடன் சென்றவளல்லள். நீர்நிலையோரத்துப் பன்னை வெட்டி, வெயிலிலே காயவைத்து, சாயமேற்றிப் பாய் இழைக்கும் பெண்களை அறிந்த கரை அவளுடையது. எந்தப் பன் வளையும், எது முறியும் என்பதை அப்பெண்களின் விரல்கள் அறியும். அல்பர்ஸ் தேடியதும் அதுவன்றோ? அவருடைய மனைவி அன்னி அல்பர்ஸ் 1922இல் பௌஹவுஸில் மாணவியாகச் சேர்ந்தவர். பெண்களைப் பெரும்பாலும் நெசவுக்கே அனுப்பிய காலம் அது. அவரும் மனமின்றியே தறியிடம் சென்றார். நெசவு பற்றி 1965இல் வெளியிட்ட நூலையோ, தம் பேராசான்களெனப் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்க்கே காணிக்கையாக்கினார்.

பாயின் வண்ணக் கோலத்தைக் கடதாசியிற் கீறிக் காட்டுவது அந்த மாணவிக்கு எளிது. வகுப்பும் வியந்து பாராட்டக்கூடும். ஆனால் அதுவும் ஒரு செய்தித்தாட் கோட்டையே. பாய் இழைப்பவளின் அறிவு கோலத்தில் மட்டும் இல்லை. ஓரத்திலே பன் திரும்பி உள்ளே செல்லும் இடத்தில் இருக்கிறது.

நான்காம் வாரத்தில் ஓரிரவு, தந்தை வழக்கமான கேள்வியைக் கேட்குமுன், “உம்மாட்டக் குடுங்க வாப்பா” என்கிறாள். மூலையில் பன்னை எப்படி மடிப்பது என்று வினவுகிறாள். தாய் முதலிற் சிரிக்கிறார். இதைக் கேட்கவா இவ்வளவு செலவழித்துப் போனாய் என்கிறார். பின்னர், மகள் பார்க்கும்படி தொலைபேசியை வாப்பாவின் கையிற் பிடிக்கக் கொடுத்துவிட்டு, பன் எடுத்துவர எழுகிறார்.